நோவுற கழுத்துக்குப் பாரம் ஏத்தலாமோ?

பெப்ரவரி 4, காலை (கேள்வி)

என்ர பெறாமகன், தங்கச்சியின்ர மூத்தவன், கனடா விமானப்படையில கிறிபன் ஹெலிகொப்டர் ஓட்டுறான். ஒரு வருசமாப் பிடரியில நோ. இரவில பறந்திட்டு வந்தால் அடுத்த நாள் கழுத்தைத் திருப்பேலாதாம். எண்ணெய் போட்டு உருவு, பட்டி போடு, கொஞ்ச நாள் அசையாமல் இரு எண்டு நாங்கள் இஞ்ச இருந்து சொல்லுறம். அங்கத்தைய பிசியோ கழுத்துக்கும் தோளுக்கும் பாரம் வைச்சுப் பயிற்சி குடுத்திருக்கிறாராம். நோவுற கழுத்துக்கு ஆரும் பாரம் ஏத்துவினமோ? உரும்பிராயில இருந்து எழுதுறன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பெப்ரவரி 4, இரவு

ஏற்றலாம் அக்கா. ஏற்றத்தான் வேண்டும். அந்தப் பிசியோ சொல்வதையே பெறாமகன் கேட்கட்டும்.

நான் கொக்குவிலில் பிசியோவாக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் தையல்காரர், மேசன்மார், ஓட்டோ ஓட்டுகிறவர்கள், உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். விமானி எவரும் வந்ததில்லை. ஆனால் விமானிகளின் கழுத்தைப் பற்றிய ஆய்வு எது கண்ணில் பட்டாலும் விடாமல் வாசிப்பேன். அவர்களின் கழுத்தில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று கணக்குப் போட முடியும். நோவுக்காக அவர்கள் வேலையை விடப் போவதில்லை. ஒரே தளத்தில் இருப்பதால் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்கவும் முடியும். மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது என் துறையில் அரிது.

ஒரு ஆளின் தலை ஏறத்தாழ 5 கிலோ. போர்விமானியின் ஹெல்மெட்டும் முகமூடியும் சேர்ந்து 2 கிலோ அளவில் வரும். 9 ஜி அழுத்தத்தில், அதாவது எல்லாவற்றின் எடையும் ஒன்பது மடங்காகும்படி, விமானத்தைத் திருப்பும்போது அந்த 7 கிலோ 63 கிலோவாகிக் கழுத்தில் இறங்கும். அதே நேரத்தில் தனக்குப் பின்னால் யார் வருகிறான் என்று தலையைத் திருப்பி அண்ணாந்தும் பார்க்க வேண்டும். நேராக நிற்கும் கழுத்து தாங்குகிற பாரத்தைத் திரும்பிய கழுத்து தாங்காது. அதனால்தான் ஜி ஏற முதலே தலையைத் திருப்பி இருக்கையில் சாய்த்து வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பின் இருக்கையில் இருப்பவருக்குத் திருப்பம் வரப்போவது தெரியாது, ஆயத்தமில்லாத கழுத்தில் பாரம் விழும். அவர் படும் பாடு இன்னும் கூட.

உங்கள் பெறாமகனின் கதை வேறு. ஹெலிகொப்டரில் ஜி பெரிதாக ஏறாது. மணித்தியாலக்கணக்கில் ஒரே இருப்பு, இருக்கையால் ஏறிவரும் அதிர்வு, இரண்டு கையும் இரண்டு தண்டில் பிடித்திருப்பதால் முன்னுக்குக் கூனி ஒரு பக்கம் சரிந்த முதுகு. இரவென்றால் ஹெல்மெட்டின் முன்னால் இரவுப் பார்வைக் கருவி தொங்கும். அது அரைக் கிலோவுக்கு மேல் வரும், நெற்றிக்கும் முன்னால் நிற்பதால் தலையைக் கீழே இழுக்கும். அதை இழுத்துப் பிடிப்பது பிடரித் தசைதான். அந்தக் கருவியால் பார்த்தால் ஏறத்தாழ 40 பாகை அகலம்தான் தெரியும், ஆகவே கண்ணை ஓட்டிப் பார்க்கிற இடத்தில் எல்லாம் தலையைத் திருப்ப வேண்டும். முன்னிழுப்பைச் சமப்படுத்த ஹெல்மெட்டின் பின்பக்கம் எதிர் எடை வைப்பார்கள். இழுப்புக் குறையும், மொத்தப் பாரம் கூடும்.

இரவில் பறந்த அடுத்த நாள்தான் கூட என்று நீங்கள் எழுதியதை வாசித்த உடனே எனக்கு அந்தக் கருவிதான் நினைவுக்கு வந்தது.

பெப்ரவரி 5

கழுத்துப் பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழுந்து அடிபட்டு எலும்பில் சந்தேகம் இருந்தால் பட்டி வேண்டும், அதில் பேச்சில்லை. சாதாரணக் கழுத்து நோவுக்குக் கிழமைக்கணக்காகப் பட்டி போட்டால் வேலை செய்ய வேண்டிய தசை வேலை இல்லாமல் மெலியும். பட்டியைக் கழற்றிய நாளில் தலை முந்தியைவிடப் பாரமாகத் தெரியும். அந்தப் பயத்தில் திரும்பப் போடுவார்கள். மாதக்கணக்காகப் பட்டியோடு திரிந்து, அது அழுக்கேறிப் புதிது வாங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். மனம் பதறும்.

எண்ணெய் போட்டு உருவுவதை நான் எதிர்க்கவில்லை. அன்றைக்குச் சுகம் தரும், நித்திரை வரும். ஆனால் உருவிய கையால் அந்தத் தசைக்கு வலு வராது.

பெப்ரவரி 7

"பாரம் ஏத்தினால் சுகம் வரும் எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

சுவீடனில் விமானப்படை ஹெலிகொப்டர் விமானிகள் 68 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. 2009 இல் வெளியானது. கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த பியோர்ன் எங் குழுவினர் செய்தது. ஒரு பகுதிக்கு 6 கிழமை கழுத்து, தோள் பயிற்சி. முதலில் மெல்லிய பாரத்தில் ஆழத் தசையை எழுப்பும் பயிற்சி, பிறகு படிப்படியாக வலுவும் தாக்குப்பிடிப்பும். பக்கத்தில் பிசியோ நின்றார். 12 மாதம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களில் கழுத்து நோ உள்ளவர்கள் குறைவாக இருந்தார்கள். 6 கிழமைப் பயிற்சியின் பயன் ஒரு வருடம் நின்றது என்பதைப் பாருங்கோ.

டென்மார்க்கில் எப் 16 போர்விமானிகள் 55 பேரை வைத்துச் செய்தது 2013 இல் வந்தது. 24 கிழமை, கிழமைக்கு 3 தரம், ஒவ்வொரு தரமும் 20 நிமிடம். வலு, தாக்குப்பிடிப்பு, ஒத்திசைவு மூன்றும் கலந்த பயிற்சி. அதிலும் பயிற்சிக் குழுவுக்கு நோ குறைந்தது.

இப்போது மூன்றாவது. அதே டென்மார்க், இந்த முறை ஹெலிகொப்டர் விமானிகளும் உடன் பறப்பவர்களுமாக 69 பேர், 20 கிழமை. பயிற்சியும் ஏறத்தாழ அதே அளவு. ஆனால் தாங்களாகவே செய்துகொள்ள வேண்டும். 2017 இல் முடிவு வந்தது: இரண்டு குழுவுக்கும் நோவில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. பலர் ஒழுங்காகச் செய்யவில்லை, அது காரணமாக இருக்கலாம்.

2004 இல் சுவீடன் போர்விமானிகளை வைத்து வந்த ஒன்றும் இதையே காட்டியது. எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு பகுதியினரை மட்டும் தொடர்ந்து கவனித்து ஊக்கப்படுத்தினார்கள். கழுத்து வலு கூடியது கவனிக்கப்பட்டவர்களுக்கு.

நான் இந்த நாலையும் அருகருகே வைத்துத்தான் பார்க்கிறேன். பயிற்சி எது என்பதைவிட, பயிற்சி நடந்ததா என்பதுதான் பெரிய வேறுபாடு. உடற்கட்டும் ஒழுக்கமும் உள்ள, கட்டளைக்குக் கீழ்ப்படியும் படைவீரர்களே தனியாக விட்டால் செய்யவில்லை. அப்படியிருக்க, நாலு படம் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து "வீட்டை போய்ச் செய்யுங்கோ" என்று ஒரு தையல்கார அக்காவை அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் "செய்யேல்லையோ?" என்று அதட்டுவது அநியாயம். எங்கள் இடங்களில் தினமும் நடப்பது இதுதான். வெளியே வரிசை நீளம், நேரமில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் தாள் ஒரு வைத்தியம் இல்லை.

பெப்ரவரி 7, பின்னேரம்

"விமானிகள் ஏற்கெனவே ஜிம்முக்குப் போற ஆக்கள்தானே, அவைக்கு ஏன் கழுத்து நோகுது?"

போகிறார்கள். நெஞ்சும் கையும் வளரும். கழுத்து எலும்பை ஒட்டி முன்பக்கம் ஓடும் ஆழத் தசைகளை ஜிம்மில் எவரும் தேடுவதில்லை. நோ வந்த கழுத்தில் முதலில் சோம்புவது அவைதான். அவை சோம்பினால் மேலே தெரிகிற பெரிய தசைகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யப் பார்த்து நாள் முழுக்க இறுகி நிற்கும். பந்தலில் நடுக்கால் இளகினால் ஓரக் கயிறுகள் எல்லாம் விறைத்து நிற்பதைப் போல. கயிற்றை எவ்வளவு தளர்த்தினாலும் கால் நிற்காது.

குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் க்வென்டொலின் ஜல் என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் இந்த ஆழத் தசைகளைப் பற்றி நிறையச் செய்திருக்கிறார்கள். சுவீடன் பயிற்சியின் முதல் படியும் அதே வழிதான்.

பெப்ரவரி 9

விமானியை விட்டு ஊருக்கு வருகிறேன்.

இணுவில் பக்கத்தில் இருந்து ஒரு தவில்கார அண்ணை வருவார். தோளில் வாரைப் போட்டுத் தவிலைத் தொங்கவிட்டு, நாதஸ்வரக்காரரைப் பார்க்கத் தலையை ஒரே பக்கம் திருப்பியபடி, வீதியுலா முழுவதும் நின்றும் நடந்தும் வாசிக்கிறவர். அவரைச் சோதித்துப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்த ஹெலிகொப்டர் ஆய்வுகள்தான். பாரம் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், மணித்தியாலக்கணக்கில் அதே நிலை, அடியின் அதிர்வு வேறு, நடுவில் நிறுத்தேலாது.

இன்னொன்றும் ஒத்துப்போனது. நோ இருக்கிறது என்று செற்றில், அதாவது கூட வாசிக்கும் குழுவில், இருப்பவர்களுக்கு அவர் சொல்லவே இல்லை. சொன்னால் அடுத்த திருவிழாவுக்கு வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். விமானிகளும் அப்படித்தான், பறக்க விடமாட்டார்கள் என்று கழுத்து நோவை வைத்தியரிடம் மறைப்பார்கள். மறைப்பதால் ஆரம்பத்தில் லேசாக மாற வேண்டியது வருடக்கணக்காக இழுபடுகிறது. நித்திரை தூக்குகிற நோ மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பறக்கவும் கூடாது, ஆகவே பயிற்சி அவர்களுக்கு இன்னும் முக்கியம். அண்ணைக்கும் மாத்திரை போட்டால் கை பிந்துமாம்.

அவரிடம் "தவிலை விடுங்கோ" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டார். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னால் எத்தனை மாதம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டேன். நல்லூரில் 25 நாள் திருவிழா. அந்த 25 நாளும் கழுத்து தாங்க வேண்டுமென்றால் வலுவைப் பங்குனியிலேயே ஏற்றத் தொடங்க வேண்டும். திருவிழா தொடங்கிய பிறகு புதுப் பாரம் ஏற்றக் கூடாது, பிடித்து வைக்கும் அளவுக்கு மட்டும் செய்ய வேண்டும். பறப்பு நாட்கள் நெருக்கமாக வரும்போது விமானிகளுக்கும் இதே ஒழுங்குதான் பொருந்தும்.

வாரை இரண்டு தோளுக்கும் மாற்றி மாற்றிப் போடலாமே என்று கேட்டேன். "பிள்ளை, அப்பிடிச் செய்தால் கை வேற, தாளம் வேற" என்று சிரித்தார். வாசிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் எனக்கு ஒரு துளிகூடத் தெரியாது, விட்டுவிட்டேன். வாரின் அகலத்தை மட்டும் கூட்டி, உள்ளே துணி மடித்துத் தைத்துக்கொண்டார்.

பெப்ரவரி 10

நேற்றிரவு ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். "எங்கட தலையில குண்டு போட்டவன்ர கழுத்து நொந்தால் எனக்கென்ன? இந்த மண்ணில இருந்து அதைக் கதைக்க உங்களுக்கு எப்பிடி மனம் வருது?"

அவருக்கு நேராகவே பதில் எழுதுகிறேன்.

நானும் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவள்தான். குண்டு போட வரும் விமானங்களில் பொம்மர் சத்தத்தையும் சகடைச் சத்தத்தையும் கிபிர் சத்தத்தையும் பிரித்துச் சொல்லக்கூடிய பிள்ளைகளாக நாங்கள் இருந்தோம். 1995 யூலை 9 இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கப்போவதில்லை, நானும் மறக்கவில்லை. இன்றைக்கும் தாழப் பறக்கிற எதன் சத்தம் கேட்டாலும் என் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும்.

அந்தக் கோபத்தைத் தணியுங்கோ என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் வாசிப்பது சுவீடனிலும் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் நடந்த ஆய்வுகளை. அவற்றில் இருந்து எடுப்பது ஒன்றுதான்: பாரத்தில் வேலை செய்யும் கழுத்தை எப்படிக் காப்பது. அது இணுவில் அண்ணைக்கு உதவுகிறது. உங்களுக்கு உதவக்கூடியது என்றால் உங்களுக்கும் அதே கவனத்தோடு செய்வேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோள் காதுக்கு ஏறுகிற அந்தப் பழக்கம் எங்கள் வயதுக்காரர் பலரிடம் நான் தொட்டுப் பார்க்கும் ஒன்று. நோ எங்கே என்று கேட்டால் பிடரியைக் காட்டுவார்கள், கதைக்கத் தொடங்கினால் வேறு எங்கோ போகும். அப்படியானவர்களுக்கு முதல் நாளே பாரம் ஏற்ற மாட்டேன். மூச்சை வெளியே விட்டுத் தோளை இறக்கக் கற்பதே சிலருக்கு முதல் கிழமைப் பயிற்சி.

பெப்ரவரி 13

செய்முறையைக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். கையில் உள்ளதை வைத்து எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். முதல் சில தரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

ஆழத் தசைக்கு: பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கோ. தலைக்குக் கீழே மெல்லிய துவாய் ஒன்றை மடித்து வையுங்கோ. அழுத்தத்தைக் காட்டும் பை ஒன்றைப் பிடரி வளைவுக்குள் வைத்து 20 மில்லிமீற்றர் பாதரசம் வரை ஊதுவது வழக்கம். அந்தப் பை விலை கூடியது, என்னிடமும் இல்லை. பழைய பிறஷர் பார்க்கும் கருவியின் பட்டியை மடித்து வைத்து அதே வேலையைச் செய்கிறேன். பிறகு "ஓம்" என்று தலையாட்டுவதைப் போல, ஆனால் மிக மெதுவாக, தலையைத் தூக்காமல் நாடியை மட்டும் கீழே கொண்டுவர வேண்டும். முள் 22 இல் நிற்க வேண்டும். 10 விநாடி பிடியுங்கோ, விடுங்கோ, 10 தரம். அது இலகுவாக வந்தால் 24, பிறகு 26, 28, 30. கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் கயிறு போலத் தசை புடைத்தால் நிறுத்துங்கோ, வேறு தசை வேலையை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். பெரிய உடம்பு வளர்த்த பெடியள் 24 இல் நடுங்குவதைக் கண்டிருக்கிறேன்.

வலுவுக்கு: சைக்கிள் ரியூப். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. கடையில் விற்கிற நிறநிறமான இழுவைப் பட்டிகளின் வேலையை இது செய்யும். ரியூப்பை யன்னல் கம்பியில் கட்டி, துணி சுற்றிய பகுதியைப் பின்தலையில் போட்டு, கதிரையில் நிமிர்ந்திருந்து கழுத்தை நேராக வைத்தபடி இடுப்பில் இருந்து பின்னுக்குச் சாயுங்கோ. பிறகு நெற்றியில் போட்டு முன்னுக்கும், காதுக்கு மேல் போட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும். பின்லாந்தில் நாட்பட்ட கழுத்து நோ உள்ள 180 அலுவலகப் பெண்களுக்கு ஒரு வருடம் கொடுத்த பயிற்சியில் ஒரு பகுதி இந்த மாதிரியானதுதான். 2003 இல் வந்த அந்த ஆய்வில் வலுப் பயிற்சி, தாக்குப்பிடிக்கும் பயிற்சி இரண்டுமே நோவை நன்றாகக் குறைத்தன. அங்கேயும் முதல் 12 நாள் ஓரிடத்தில் தங்கவைத்துச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

தோளுக்கு: ரியூப்பின் நடுவைக் காலால் மிதித்து இரண்டு நுனியையும் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை உயர்த்தி மெதுவாக இறக்குங்கோ.

செய்யும்போது கொஞ்சம் நோகலாம். அடுத்த நாள் காலையில் அந்தக் கூடுதல் நோ போயிருக்க வேண்டும். போகாவிட்டால் பாரத்தைக் குறையுங்கோ, பயிற்சியை விட வேண்டாம்.

பெப்ரவரி 14

7 ஆம் திகதி எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். பிசியோ பக்கத்தில் நின்றால்தான் பயன் என்று சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

டென்மார்க்கில் 2011 இல் வந்த இன்னொரு ஆய்வு, அலுவலகத்தில் வேலை செய்யும் 198 பேரைப் பற்றியது. சிலருக்கு நாளுக்கு 12 நிமிடம், சிலருக்கு வெறும் 2 நிமிடம், கிழமைக்கு 5 நாள், 10 கிழமை. பயிற்சி ஒன்றே ஒன்று, மேலே சொன்ன பக்கவாட்டில் கை உயர்த்துவது. 2 நிமிடக்காரர்களுக்கும் நோ குறைந்தது.

ஆகவே பயிற்சியை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக் கொடுப்பதும் ஒரு வழி. 20 நிமிடத்தைத் தனியாகச் செய்ய விமானிகளுக்கே வரவில்லை. 2 நிமிடத்தைத் தையல்கார அக்கா செய்வார், மெசினில் நூல் மாற்றுகிற நேரம் போதும். தொடக்கத்தில் சில தரம் நேரில், பிறகு நாளுக்கு 2 நிமிடம், இடைக்கிடை யாராவது கேட்க வேண்டும். கேட்கிறவர் பிசியோவாக இருக்கத் தேவையில்லை. இணுவில் அண்ணையைக் கேட்கிறவள் அவரின் பேத்தி. கணக்கெடுப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

ஆழத் தசைப் பயிற்சிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அது பிழையாகச் செய்யப்படுவது மிக இலகு, தெரிந்த கண் ஒன்று பார்க்கத்தான் வேண்டும்.

பெப்ரவரி 18

பின்லாந்தில் போர்விமானிகளுக்கு ட்ரம்பொலினில் துள்ளும் பயிற்சியையும் வலுப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்து 2006 இல் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே பறக்கும்போது கழுத்துத் தசை படும் பாட்டைக் குறைத்தன. துள்ளும்போது ஒவ்வொரு முறையும் தலையை நேரே நிறுத்தக் கழுத்து விரைந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது, பாரம் மெல்லியது, ஆனால் ஓயாதது.

இதைச் சொன்னதும் ஒரு அம்மா, "அப்ப என்ர சின்னவன் கட்டில்ல துள்ளுறதைத் தடுக்காமல் விடட்டோ?" என்று கேட்டார். கட்டிலைப் பார்த்துக்கொள்ளுங்கோ, கழுத்துக்குப் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே நோ உள்ள பெரியவர்கள் மட்டும் இதில் தொடங்க வேண்டாம்.

மோட்டச்சைக்கிள் ஹெல்மெட்டால் கழுத்து நோகுது, போடாமல் ஓடலாமோ என்று கேட்டவருக்கு: ஒருபோதும் வேண்டாம். கழுத்து நோ மாறும், உடைந்த மண்டை மாறாது. அளவான ஹெல்மெட் வாங்குங்கோ, பெரிதாக இருந்து ஆடுவதுதான் கூட இழுக்கும்.

தலகணி எத்தனை வைக்க வேண்டும் என்று கேட்காத ஆளில்லை. பக்கமாகப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள உயரம், மல்லாந்தால் அதைவிடக் குறைவு. அவ்வளவுதான்.

பெப்ரவரி 20

இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், இப்போதாவது எல்லோர் கண்ணிலும் படட்டும். கீழே சொல்வது எது இருந்தாலும் பயிற்சி தொடங்க முதல் வைத்தியரிடம் போங்கோ.

விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வந்த நோ. கையில் விறைப்போ பலவீனமோ கூடிக்கொண்டு போவது. சட்டைப் பொத்தான் பூட்ட, தாலிக்கொடிக் கொளுக்கி மாட்ட விரல் சொல்வழி கேட்காதது. நடை தள்ளாடுவது. சலம் மலம் கட்டுப்பாடு மாறுவது. காய்ச்சலோடு வரும் கழுத்து விறைப்பு. காரணமில்லாமல் உடம்பு மெலிவது. படுத்தாலும் எழும்பினாலும் இரவெல்லாம் ஒரே மாதிரி நிற்கும் நோ.

பொத்தான் பூட்டேலாமல் போவதை வயது என்று நினைத்து விடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அது முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, நசிபடுவதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு ஐயா அப்படி நினைத்துப் பிந்தித்தான் வந்தார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களே கவனித்துக் கேளுங்கோ.

பெப்ரவரி 26

உரும்பிராய் அக்கா திரும்ப வந்து எழுதியிருக்கிறார். பெறாமகனோடு கதைத்தாராம். பயிற்சித் தாள் மேசை லாச்சிக்குள் கிடக்கிறதாம், முதல் கிழமை மட்டும்தான் செய்தவனாம், பறப்புக்கு மறிப்பார்கள் என்று திரும்பப் பிசியோவிடம் போகவும் இல்லையாம். "உங்களுக்கு அவனை முதலே தெரியுமோ?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது அக்கா. டென்மார்க் விமானிகளைத் தெரியும்.

கனடாவிலும் கிறிபன் ஹெலிகொப்டரில் பறப்பவர்களுக்குக் கழுத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், இரவுப் பார்வைக் கருவியால் வரும் நோ அங்கே நன்றாகத் தெரிந்த விசயம். அவன் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. பிசியோவிடம் போய் மூன்று விசயம் கேட்கச் சொல்லுங்கோ: பயிற்சியைத் தளத்திலேயே, பறப்புக்கு முந்திய ஆயத்த நேரத்தோடு சேர்த்து வைக்கலாமா, அதே நோ உள்ள இன்னொரு விமானியோடு சேர்ந்து செய்யலாமா, ஹெல்மெட் பொருத்தத்தையும் எதிர் எடையையும் ஒருக்கால் பார்க்கலாமா. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது "சாப்பிட்டியோ" என்பதோடு "கழுத்துக்குச் செய்தியோ" என்றும் கேளுங்கோ. பட்டி போடச் சொல்லாதேங்கோ.

பெப்ரவரி 27

ரியூப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. சைக்கிள் திருத்துகிற கடையில் கழித்துப் போட்டதைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். வால்வு உள்ள பக்கத்தை வெட்டி எறியுங்கோ. ஒட்டுப் போட்ட இடம் வராமல் பாருங்கோ, இழுபடும்போது அந்த இடம்தான் விட்டுக்கொடுக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு தரமும் இழுக்க முதல் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கோ. முகத்துக்கு நேரே இழுக்கும் பயிற்சி என்பதால் வெடிப்பு விட்டதை வைத்துச் செய்ய வேண்டாம், கண்ணில் அடித்துவிடும். மோட்டச்சைக்கிள் ரியூப் கழுத்துக்குத் தடிப்பு, அது தோளுக்குச் சரி.